செவ்வாயில் ஒரு சாக்கடை வேண்டும்

செவ்வாய்க் கிரகத்தில் உள்ள புதுவயல் குடியிருப்பில் கழிப்பறையை விட்டு வெளியே வந்தால் கதவு நன்றி சொல்லும், அதுவும் பெயரைச் சொல்லி. உள்ளே விட்டதெல்லாம் நான்கு விநாடியில் எரிந்து, ஒரு சிட்டிகைச் சாம்பலாகி, குழாய் வழியே தக்காளிக் கூடத்துக்கு உரமாகப் போய்விடும். மூவாயிரம் பேர் வாழும் ஊரில் ஒரு சாக்கடை கிடையாது, ஓர் ஈ கிடையாது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நாற்றம் என்றால் என்னவென்று ஆசிரியர் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தார். படத்தில் நாற்றம் எப்படி வரும், பாவம், அவரும் என்னதான் செய்வார்!

எல்லாம் சுகாதார ஆணையர் செண்பகவல்லியின் கைங்கரியம். எச்சில் துப்பினால் சுவரே கூப்பிட்டுக் கண்டிக்கும்படி செய்தவள் அவள். அவளுடைய கணவன் இளம்பரிதிக்குத்தான் காலில் சீழ் வைத்தது.

தக்காளிக் கொடி ஏற்றும் கம்பி கிழித்த காயம். மூன்றாம் நாள் முழங்கால்வரை வீங்கிவிட்டது. மாத்திரை கொடுக்கலாமே என்பீர்கள். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் வேலை செய்யாமல் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. நம் முன்னோர் தும்மினால் ஒன்று, இருமினால் ஒன்று என்று மருந்துக் கடையில் தாங்களே கேட்டு வாங்கி விழுங்கினார்கள். காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை அலமாரியில் போட்டார்கள். கிருமிகள் நன்றாகப் பழகிக்கொண்டன.

இப்போது தின்னிகள்தான் கதி. தின்னி என்பது பாக்டீரியாவைத் தின்கிற வைரஸ். அதன் மேல் உட்கார்ந்து, தன் சரக்கை உள்ளே இறக்கி, உள்ளேயே நூறாகப் பெருகி, அதை வெடிக்க வைத்து வெளியே வரும். மனிதனை ஒன்றும் செய்யாது. ஆனால் சாப்பாட்டில் ரொம்பக் கறார். தனக்குப் பிடித்த கிருமியைத் தவிர வேறெதையும் தொடாது. மருத்துவமனைக் குளிர்பெட்டியில் இருந்த நாற்பது வகைத் தின்னிகளும் இளம்பரிதியின் கிருமியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூமியிலிருந்து கப்பல் வர ஏழு மாதம். காலை எடுக்காமல் ஒன்பது நாள்தான் தள்ளலாம் என்றார் டாக்டர் சவரிராயன்.

"அப்ப வேற வழியே இல்லையா, டாக்டர்?"

"ஒரு சாக்கடை வேணும், மேடம்."

அவர் விளையாடவில்லை. எந்தக் கிருமி எங்கே கொழிக்கிறதோ, அதைத் தின்பவனும் அங்கேதான் இருப்பான். இது மனிதக் குடலில் வாழும் கிருமி. மருத்துவமனை ஊழியர்கள், செண்பகவல்லி என ஒன்பது பேரின் கழிவைச் சோதித்தாயிற்று, பலனில்லை. ஊரே கலந்தால்தான் வாய்ப்பு. புதுவயலில்தான் எல்லாம் சாம்பலாகிவிடுகிறதே!

செண்பகவல்லி அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு தன் சட்டத்தைத் தானே நிறுத்தி வைத்தாள். ஏழாம் கூடத்துச் சுவருக்குப் பின்னால் ஒரு குட்டை வெட்டி, கண்காணிப்புக் கண்களை அணைத்து, தடுப்பு வைத்து, பெரிய பலகையும் மாட்டினாள்: 'ஓர் உயிரைக் காக்க இங்கே அசுத்தம் செய்யுங்கள்.'

இரண்டு நாள் ஒருவரும் வரவில்லை. எல்லோருக்கும் கூச்சம். ஒருவர் சான்றிதழ் தருவார்களா என்று விசாரித்தார். மகளிர் மன்றத்தார் குட்டைக்கு மாலை போட்டுப் படம் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் குடியிருப்போர் நலச்சங்கம், ஆணையர் அம்மாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, குட்டையை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியே வைத்துவிட்டது. செண்பகவல்லிக்கு வந்த ஆத்திரத்தில் தலைவரைக் குட்டைக்குள் தள்ளியிருப்பாள்.

மருத்துவமனையில் புலம்பித் தீர்த்தாள். காய்ச்சலிலும் இளம்பரிதிக்குச் சிரிப்பு வந்தது.

"நீ வேண்டிக் கேட்டா எவன் செய்வான், செம்பா? செய்யாதேன்னு எழுதிப் போடு."

"எனக்கு இருக்கிற வேதனையில உங்களுக்கு விளையாட்டா, என்னங்க?"

"போட்டுத்தான் பாரேன். கால் என்னுது."

வேறு வழி தெரியாததால் போட்டாள். நான்காம் நாள் காலை பலகை மாறியது: 'இங்கே அசுத்தம் செய்யாதீர். மீறுவோர் தண்டிக்கப்படுவர்.'

மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் குட்டையில் கணுக்கால் அளவு சேர்ந்துவிட்டது. மாலையில் தடுப்புக்குப் பின்னால் வரிசையே நின்றது. பாதி முகங்கள் நலச்சங்கத்து முகங்கள். இடுப்பில் சாவிக்கொத்தோடு தலைவரும் நின்றார். ஆணையரைக் கண்டதும் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

சவரிராயன் குட்டை நீரை வடிகட்டி, இளம்பரிதியின் கிருமி வளர்ந்த தட்டுகளில் சொட்டுச் சொட்டாக விட்டார். ஆறாம் நாள் ஒரு தட்டின் வெள்ளைப் படலத்தில் ஊசி குத்தினாற்போல் ஒரு தெளிந்த புள்ளி. அந்த இடத்துக் கிருமியை யாரோ தின்றுவிட்டிருந்தார்கள். அந்த யாரோவைப் பெருக்கி, சுத்தம் செய்து, காயத்தில் விட்டார்கள். ஒன்பதாம் நாள் வீக்கம் இறங்கியது. செண்பகவல்லி கணவனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதாள்.

இனி குட்டை நிரந்தரமாக இருக்கட்டும், அடுத்த நோயாளிக்கு ஆகும் என்று ஊர் நிர்வாக மன்றம் முடிவெடுத்தது. செண்பகவல்லி மனம் நெகிழ்ந்து, 'பங்களித்த அனைவருக்கும் நன்றி. தொடர்ந்து ஆதரவு தாருங்கள்' என்று புதுப் பலகை மாட்டினாள்.

அன்றிலிருந்து ஈ காக்கை வரவில்லை. ஒரு வாரத்தில் குட்டை வறண்டுவிட்டது.

எட்டாம் நாள் பழைய 'செய்யாதீர்' பலகையைத் தேடி எடுத்து ஏணியில் ஏறினாள். இரண்டு காலையும் ஊன்றி நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டான் இளம்பரிதி. 'இங்கே' என்பதற்கு அடுத்து 'கண்டிப்பாக' என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதிவிட்டு இறங்கினாள்.