உறைமண்

ஏழாவது மண்ணாளின் நெற்றியில் பதிந்திருந்த பெருவிரல் ரேகை, அதைச் செய்த மாணவியுடையது இல்லை. குறுக்கே ஒரு தழும்பு சாய்வாக ஓடி நகக்கண் பக்கம் முடிந்தது. பத்து வயதில் சோடாப் புட்டி உடைந்து கிழித்த தழும்பு. அது முதல்வர் டாக்டர் வெங்கிடராமனின் வலது பெருவிரலில்தான் இருக்க வேண்டும். இருந்தது. அவர் இரண்டு முறை பார்த்துக்கொண்டார்.

அவர் மண்ணைத் தொட்டு மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன்பும் நிறையத் தொட்டவர் என்று சொல்வதற்கில்லை.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில் இருந்தது கல்லூரி. வாசலில் எட்டு வார்த்தைப் பெயர்ப்பலகை. அதற்குக் கீழே அதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் முதல்வர் பெயர். முதல் வருஷம் மண் மிதிக்கப் படிப்பு, இரண்டாம் வருஷம் உருப்பிடிக்க, மூன்றாம் வருஷம் ஏவ. படித்து வெளியே போனால் வேலை நிச்சயம். துறைமுகத்தில் மூட்டை தூக்கவும், கிடங்கில் காவல் நிற்கவும், படகுத்துறையில் வடம் இழுக்கவும் மண்ணாள் வேண்டும். மண்ணாளை உண்டாக்க ஆள் வேண்டும்.

மத்தியானம் மூன்று மணிதான். ஆனால் ஆனி மழை காயல்மேல் இறங்கி வெளிச்சத்தை விழுங்கியிருந்தது. புகையறைக்குச் சன்னல் கிடையாது, ஒரே கதவு. செய்த மண்ணாள்களைத் தேங்காய்மட்டைப் புகையில் மெல்ல உலர்த்தும் அறை அது. புகை வெளியேறக் கூடாது என்று கட்டியது. முப்பது மண்ணாள்கள் வரிசையாக, தோளோடு தோள் உரசி நின்றன. காலடியில் ஈரம் கசிந்திருந்தது. எப்போதோ காலியான மிளகின் காரம் சுவரிலிருந்து இன்னும் மூக்கில் ஏறியது. முப்பதுக்கும் கண் உண்டு, வாய் உண்டு. காது மட்டும் திறக்கவில்லை. நான்கு மணிக்கு மேடையில் மந்திரி முன்னால் மாணவர்கள் மூங்கில் சிம்பால் காது திறப்பார்கள், அதுதான் பட்டமளிப்பு. அதுவரை எதைச் சொன்னாலும் மண்ணாளுக்குக் கேட்காது.

வெங்கிடராமன் கைக்குட்டையை நனைத்து ஏழாவது நெற்றியைத் துடைத்தார். ரேகை அழிந்தது. ஈரம் உள்ளே இறங்கியதும் ரேகை மறுபடி மெல்ல மேலே வந்தது, பால் மேல் ஆடை வருகிற மாதிரி.

"சாரே!" ஆபீஸ் சூப்பிரண்டு மாதுரி வாசலில் நின்று கூப்பிட்டாள். "பேச்சியம்மா வந்திருக்கு. மந்திரியோட வண்டி தோப்பும்படி தாண்டியாச்சு."

பேச்சியம்மாள் ரமேஷ்பாபுவின் மனைவி. ரமேஷ்பாபு சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சுள்ளிக்கல்லுக்கு வந்து குடியேறியவன். பதினோரு வருஷம் இந்தக் கல்லூரியில் தற்காலிக மண் மிதிப்பாளன். பட்டயம் இல்லை, பள்ளிக்கூடம்கூட எட்டோடு சரி. ஆனால் முதல்வர் பெயரில் கண்ணாடிக்குள் நின்ற மண்ணாள்கள் எல்லாம் அவன் கை. வாய்தான் அடங்காது. "உங்களோடதுன்னே சொல்லிக்கிடுங்க சாரே. ஆனா தப்பித்தவறிகூட நடக்கச் சொல்லிராதீங்க, ரெண்டாவது எட்டுல கேட்டுப்புடும், யாரு என்னைச் செஞ்சதுன்னு" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். அதுதான் வெங்கிடராமனுக்குப் பொறுக்காது.

ஆபீசில் பொன்னாடை தட்டில் மடித்தபடி இருந்தது. ரமேஷ்பாபு நினைவு விருதைச் சிறந்த மாணவிக்குக் கொடுக்கப் பேச்சியம்மாளைக் கூப்பிட்டிருந்தார்கள். விருதுக்கு யோசனை சொன்னது வெங்கிடராமன்தான். தீர்மானத்தில் 'தியாகி' என்ற வார்த்தையைச் சேர்த்தவரும் அவரே.

"பொன்னாடை எதுக்கு சாரே? பிராட்வே சந்தையில போத்திக்கிட்டு காய் விக்கவா?"

"மரியாதை, பேச்சி. வாண்டாம்னு சொல்லப்படாது."

"சரி, மரியாதையா ஒன்னு சொல்லுங்க. எம்புருசன் புகையில செத்த அன்னைக்கு அந்த மண்ணாளுகிட்ட என்ன சொல்லி நிப்பாட்டுனாங்க? யாரு சொன்னது?"

"ரிப்போர்ட்டில் எழுதியிருக்கோல்லியோ. மண் கோளாறு."

"எம்புருசன் மிதிச்ச மண்ணு அது. கோளாறு வராது."

மாதுரி தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெங்கிடராமன் கடிகாரத்தைப் பார்த்தார். மந்திரி குனிந்து நெற்றியைப் பார்ப்பார், போட்டோக்காரன் கிட்டே வருவான். அந்த ரேகையை அழிக்காமல் மேடை ஏற்ற முடியாது. "தோ வரேன்" என்று பஞ்சும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு புகையறைக்கு நடந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தரச்சான்றுக் கமிட்டி வந்த நாளிலும் இதே மழை. ரமேஷ்பாபு புகையறைக்குள் மட்டை அடுக்கிப் புகை மூட்டிக்கொண்டிருந்தான். "பெரிய ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கேன் சாரே, எனக்கும் வேலை நிரந்தரமாகட்டுமே" என்று காலையிலேயே சொல்லியிருந்தான். கேட்டால் யார் செய்தது என்ற பேச்சு வரும். வெளியே காட்சிக்காக நின்ற மண்ணாளின் நெற்றியில் வெங்கிடராமன் தன் பெருவிரலைப் பதித்துச் சொன்னார்: "கதவைப் பிடிச்சுக்கோ. திறக்காதே."

வேலையைச் சொல்லும்போதே முடிவையும் சொல். இது முதல் பாடம். இருபது வருஷம் அவர் நடத்திய பாடம். அவர் எழுதிய புத்தகத்தில் இதற்கு மட்டும் ஆறு அத்தியாயம். அன்று முடிவைச் சொல்லவில்லை. பத்து நிமிஷம்தானே என்று நினைத்தார். பிறகு கரிமீன் விருந்து வந்தது, உரை வந்தது, குழுப்படம் வந்தது.

தட்டும் சத்தமும் வந்தது. மூன்று தட்டு, நின்று, இரண்டு தட்டு. அது அவர் காதில் விழுந்தது. எழுந்து போய்ச் செண்டைக்காரர்களிடம், "கொஞ்சம் பலமா கொட்டுங்கோ" என்றார்.

தரச்சான்று கிடைத்தது.

முடிவு சொல்லாத ஏவலுக்கு ஒரே கழிப்பு உண்டு. ஏவியவனே, ஏவியது இன்னதென்று, ஒரு சாட்சியின் காதுபடச் சொல்ல வேண்டும். சொன்னால் மண்ணாள் அங்கேயே உதிரும். அந்த மண்ணைக் காயலில் விடுவார்கள். வெங்கிடராமன் யாரிடமும் சொல்லாமல், ஒரு ஹர்த்தால் நாளில், ஊர் அடங்கியிருந்தபோது, கதவைப் பிடித்த மண்ணாளைக் கடப்பாரையால் உடைத்து உறைமண் குழியில் தள்ளினார். நேற்றைய மோரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவது போல, பழைய மண்ணில் ஒரு பிடி சேர்க்காமல் புது மண்ணாள் இறுகாது. எல்லா வகுப்புக்கும் அந்தக் குழிதான்.

புகையறைக்குள் நுழைந்து விளக்கைப் போட்டார்.

எட்டாவது நெற்றியிலும் தழும்பு. ஒன்பதாவதில். இருபதாவதில். முப்பது நெற்றியிலும் ஒரே பெருவிரல், ஒரே சாய்வு. பஞ்சு கையிலிருந்து நழுவி ஈரத்தில் விழுந்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று நினைத்தார். இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். விளக்கு இரண்டு முறை மினுங்கி அணைந்தது.

வெளியே செருப்புச் சத்தம். "சாரே? உள்ளயா இருக்கீக?"

"பேச்சி! வெளியேந்து கொஞ்சம் தள்ளு. ஈரத்துல இறுகிப் போச்சு."

"தள்ளுதேன். வரமாட்டேங்கு." அவள் மூச்சு வாங்கினாள். "ஆரோ உள்ளேருந்து பிடிச்ச மாதிரில்லா இருக்கு."

அவர் பின்கழுத்தில் ஒரு குளிர். சேறு வாடை. திரும்பினால் தெரிந்துவிடும். அவர் திரும்பவில்லை.

கதவின் அந்தப் பக்கம் அவள் குரல் தாழ்ந்து, மரத்தோடு வாய் வைத்த மாதிரி கிட்டே வந்தது. "இப்பமாச்சும் சொல்லுங்க சாரே. நான் ஆருகிட்டயும் போகமாட்டேன். எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

ஒரு சாட்சி. ஒரு வாக்கியம். அவருக்கு நாக்கு வரைக்கும் வந்தது. முற்றத்தில் வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, குடைகள் விரிந்தன, மாதுரி, "சாரைக் கூப்பிடுங்கோ, மந்திரி எறங்கியாச்சு" என்று யாரையோ விரட்டினாள்.

"மண் கோளாறுதான், பேச்சி" என்றார் டாக்டர் வெங்கிடராமன்.

"சரி சாரே."

செருப்புச் சத்தம் நடைபாதையில் தேய்ந்து போனது.

அவர் தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. அவசரமே இல்லாமல். கதவுப் பலகையில் உள்ளங்கையை விரித்து ஊன்றியது. அக்குளுக்குக் கீழே இன்னொன்று. காதை உரசிக்கொண்டு இன்னொன்று. குனிந்து, தவழ்ந்து, கைகளுக்கு அடியிலிருந்து அறையின் நடுவே வந்தார். மூலை அடுப்பில் பொறி கிளம்பியது. அந்தச் சிவப்பில் பார்த்தார். இருபத்தொன்பது முதுகு, கதவோடு கதவாக. அடுப்பு முன்னால் ஒன்று மட்டும் உட்கார்ந்திருந்தது. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி. ரமேஷ்பாபு உட்காரும் மாதிரி. மட்டையை ஒவ்வொன்றாக எடுத்து, ஒழுங்காக அடுக்கியது.

புகை.

அவர் சுவரில் தட்டினார். மூன்று. நின்று, இரண்டு. கை தானாக அப்படித்தான் தட்டியது.

வெளியே செண்டை தொடங்கியது. விருந்தாளி உட்காரும் வரை மேளம் நிற்கக் கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு.

"நான்தான் சொன்னேன்!" என்று கத்தினார். "கதவைப் பிடிச்சுக்கோன்னேன். திறக்காதேன்னேன். அவன் உள்ளே இருந்தான். தெரியும். தட்டினான். கேட்டுது. எனக்குக் கேட்டுது!"

ஒவ்வொரு முகமாகப் பிடித்துத் திருப்பி, ஒவ்வொன்றிடமும் முதலிலிருந்து சொன்னார். ஒன்று விடாமல். முப்பதும் பொறுமையாக அவரைப் பார்த்தன. முப்பதின் தலையிலும், காது இருக்க வேண்டிய இடத்தில், வழவழவென்று மண் மூடியிருந்தது.