மாதா சங்கிலியும் நுரை வந்த துணியும்

சங்கிலியைத் திருப்பி வாங்கப் பதுளைக்கு பஸ் ஏறிய சூசையம்மா, மத்தியானமே வெறுங்கையோடு திரும்பினார். பொலிஸ் நிலையத்தில் அப்படி ஓர் அதிகாரியே இல்லையாம். சங்கிலி எதுவும் அங்கே வரவும் இல்லையாம்.

நமுனுகுல மலையடித் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில், வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்து வீடுகளுக்குச் செய்தி சொல்லப் பஸ்ஸே வேண்டாம். அவர் படியேறும் முன்பே மூன்று வீட்டு அடுப்பில் வேலை நின்றுவிட்டது.

போனது சாதாரணச் சங்கிலியில்லை. முன்னொரு காலத்தில் கொழுந்தெடுத்த பெண்கள் ஆளுக்கொரு மூக்குத்தி, ஒடிந்த தோடு என்று கழற்றிக் கொடுத்து, பதுளைப் பத்தரிடம் உருக்கி மாதாவுக்குச் செய்த சங்கிலி. திருவிழா அன்று மாதாவின் கழுத்தில் இருக்கும். மற்ற நாளெல்லாம் சூசையம்மாவின் டிரங்குப் பெட்டியில். மாதா கோவில் சாவியும் அவர் இடுப்பில்தான். கணவரும் பிள்ளைகளும் இல்லாத அந்த மனுஷிக்கு லயத்தில் இருந்த மரியாதை முழுவதும் அந்தச் சாவியில் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை திருவிழா. கோவில் கமிட்டித் தலைவர் எட்வர்ட் சூசையம்மா வீட்டுக்கே வந்து எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"சங்கிலி வரலன்னா சாவியக் குடுத்துருங்கக்கா. நான் தப்பா சொல்லல. ஊரு பேசுது."

ஊர் பேசியது உண்மை. சூசையம்மாவே விற்றுவிட்டு பொலிஸ் கதை விடுகிறார் என்றுகூடப் பேசியது. யார் முதலில் பேசியது என்று கேட்டால், எல்லோரும் பக்கத்து வீட்டைக் காட்டுவார்கள்.

அப்போதுதான் நான்காம் வீட்டு நிலுக்ஷி தலையில் துவாயோடு, பூப்போட்ட நைட்டியோடு வந்தாள். மொனராகலையில் உப பொலிஸ் பரிசோதகர். திருவிழா லீவில் வந்திருந்தாள். அவள் பொலிஸ் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நைட்டியில் யாரும் நம்பத் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

"பெரியம்மா, நடந்தத அப்பிடியே சொல்லுங்க. ஆள் எப்ப வந்தான்?"

"முந்தா நாளு. காலையில பேர் பதியிற பெரட்டு முடிஞ்சு எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனப்பறம். நல்ல மழை. சிவில் உடுப்புலதான் வந்தான். பதுளை சீ.ஐ.டி.ன்னான். கோவில் நகையெல்லாம் களவு போவுது, படம் எடுத்துட்டு மறுநாளே தாறோம்னான்."

"பொலிஸ் கார்ட் காட்டினானா?"

"காட்டினான். திறந்தான், மூடிட்டான். அதக்கூட காட்ட வேணாம்டி. ஒட்ட வெட்டின முடி, கறுப்பு சப்பாத்து. தூரத்துலயே பொலிஸ்னு தெரிஞ்சிச்சு!"

அந்த வார்த்தைக்குப் பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டாமல் என்ன செய்வார்கள்? கசிப்பு என்னும் கள்ளச் சாராயத்தைப் பிடிக்க பொலிஸ் சிவில் உடுப்பில் வந்த நாட்களைப் பார்த்தவர்கள் அவர்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டும் காலில் பொலிஸ் சப்பாத்துமாக, யாருக்கும் தெரியாமல் வருவதாக நினைத்து நான்கு பேர் வரிசையாக நடந்து வருவார்கள். முதல் வளைவிலேயே பிள்ளைகள் கண்டு கத்துவார்கள். கசிப்புப் பானை ஓடைக்குப் போய்விடும். வந்தவர்களுக்கு வெல்லத்தோடு தேத்தண்ணி கிடைக்கும். குடித்துவிட்டு, சுகம் விசாரித்துவிட்டுப் போவார்கள். கார்ட் கேட்கும் வழக்கமும் இல்லை, அவசியமும் இல்லை. எவ்வளவு வசதியான காலம்! பொலிஸ்காரன் மாறுவேடத்தில் வந்தால்தான் பொலிஸ்காரன் என்று தெரியும்.

"முகம்?" என்றாள் நிலுக்ஷி.

"தாடி. அதுக்கு மேல மாஸ்க். சளித் தடிமன்னு சொன்னான். ஜீப்ப றோட்டு வளைவுல விட்டுட்டு வந்தேன்னான். காலெல்லாம் நனைஞ்சிருந்திச்சு. பாவம்னு பழைய துணி குடுத்தேன். சப்பாத்து, கால் மேசெல்லாம் கழட்டி, காலத் தொடச்சிட்டு உள்ள வந்தான். பெட்டியத் தொறந்து குடுத்தேன்." இடுப்புச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார். "என் கையாலயே குடுத்தேன்டி."

"அந்தத் துணி எங்க?"

"அது வேற ஒரு கூத்து. பீலித் தண்ணியில அலசுறேன், சவுக்காரம் போடாமலே நுரை வருது! மாதா புதுமை காட்டுறான்னு நெனச்சுக்கிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நிலுக்ஷி சிரிக்கவில்லை.

இதற்குள் எட்வர்ட், கோவிலுக்குத் திருவிழா லைட் கட்ட வந்திருந்த லத்தீப்பைக் கையோடு இழுத்து வந்தார். பதுளை ஆள், ஒட்ட வெட்டிய முடி, கறுப்புச் சப்பாத்து, போதாக்குறைக்கு தாடி. வேறென்ன சாட்சி வேண்டும்?

"அல்லாட மேல ஆணை, நான் இந்த வீட்டுப் பக்கமே வரல்ல!" என்று கத்திக்கொண்டே உள்ளே நுழைந்த லத்தீப், வாசல் நிலையில் 'டங்' என்று நெற்றியை இடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி குடுங்க அவருக்கு," என்றாள் நிலுக்ஷி. "பெரியம்மா, அந்த சீ.ஐ.டி. ஒசரமா?"

"இவர விட ஒசரம்."

"தலைய இடிச்சானா?"

சூசையம்மா யோசித்தார். "இல்லையே. கார்டப் பையில வச்சுக்கிட்டே குனிஞ்சு வந்தான்."

"நிலையப் பாக்காமலேயே குனிஞ்சான். லயத்துல வளந்தவனுக்குத்தான் அந்தக் குனிவு வரும். லத்தீப் நானாவ விட்டுருங்க." அவள் சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள். "மழை நாள்ல மலைக்குப் போறப்ப கால்ல என்ன பூசுவீங்க?"

"சவுக்காரம்தான். இல்லாட்டி அட்டை ஏறி ரத்தத்த உறிஞ்சிறாதா?" என்றாள் ஒருத்தி. சொன்ன வாய் அப்படியே திறந்தபடி நின்றது. அவள் காலிலும் சவுக்காரம்தான் காய்ந்திருந்தது. எல்லோர் காலிலும் இருந்ததால்தான் யாருக்கும் அது தோன்றவில்லை.

"ஜீப்புல வந்து தார் றோட்டுல எறங்கினவன் கால்ல எதுக்கு சவுக்காரம்? கீழ்க்கணக்குலேருந்து தேயிலைக்குள்ள குறுக்கு வழியா ஏறி வந்தவனுக்குத்தான் அது வேணும். அவனுக்கு இந்த எடம் தெரியும். இந்த எடத்துக்கு அவனத் தெரியாது. சின்ன வயசுல போய், இப்பத்தான் திரும்பி வந்தவன்." அவள் திரும்பினாள். "எட்வர்ட் அண்ணே, கொழும்புல செக்கியூரிட்டி வேல பாத்த உங்க தங்கச்சி மகன் வந்திருக்கான்ல? ரொஷான். எங்க அவன்?"

எட்வர்டின் முகம் சாம்பலானது. "வந்த மறுநாளுலேருந்து காய்ச்சல்னு... போத்திக்கிட்டுப் படுத்திருக்கான். சங்கிலி எங்க இருக்குன்னு சோறு தின்னுறப்ப நான்தான் பெருமையா சொல்லிக்கிட்டிருந்தேன்."

கீழ்க்கணக்குக்கு ஓர் ஊர்வலமே போனது. மாதா ஊர்வலத்துக்குக்கூட இத்தனை கூட்டம் வருவதில்லை.

எட்வர்ட் வீட்டு அடுப்போரம் கறுப்புச் சப்பாத்து காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கிடந்த கால் மேசின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகச் சவுக்காரக் கோடு. போர்வைக்குள் இருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். பதினைந்து வயதில் போனவன். அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

நிலுக்ஷி நைட்டிப் பையிலிருந்து கார்டை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். பெயர், பதவி, நிலையம் எல்லாம் வாயாலும் சொன்னாள். கையை எடுக்கவில்லை.

"என்ன ஒனக்குத் தெரியாதா நிலு? இவ்வளவு நேரம் காட்டணுமா?"

"ஆமா. வாசிச்சு முடிக்கிற வரைக்கும் காட்டணும். நீ எவ்வளவு நேரம் காட்டின?"

அவன் தலை குனிந்தது. "வேல போயிருச்சு. யூனிபோமத் திருப்பி வாங்கிக்கிட்டானுங்க. சப்பாத்து மட்டும் மிச்சம்." தலையணை உறையிலிருந்து சங்கிலி வந்தது. "எங்கம்மா மூக்குத்தியும் இதுலதான இருக்கு?"

சூசையம்மா முன்னால் வந்தார். "இருக்குடா. நான்தான் அவளுக்குக் கழட்டிவிட்டேன், வலிக்குது வலிக்குதுன்னு சிரிச்சா. ஒனக்குன்னா ஒன் கையில குடுத்திருக்க மாட்டாளா?"

அவன் சங்கிலியை அவர் கையில் வைத்தான்.  

நிலுக்ஷி பதுளைக்குப் போன் எடுத்துவிட்டுக் கையை நீட்டினாள். "பெரியம்மா, சங்கிலியக் குடுங்க. வழக்குப் பொருள். ஸ்டேஷனுக்குக் கொண்டு போவணும்."

சூசையம்மா சங்கிலியை மடியில் முடிந்தார்.

"அவனும் இதத்தான்டி சொன்னான். கார்டக் காட்டு."

"ஐயோ, இப்பத்தான காட்டினேன்! நான் நிலுக்ஷி. நீங்க குளிப்பாட்டி வளத்த புள்ள!"

"அவனுக்குக் காட்டின. எனக்குக் காட்டலையே."

காட்டினாள். சூசையம்மா கார்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டோவையும் நைட்டியையும் ஒப்பிட்டார். பிறகு, "சரி, நீ பொலிசுதான். ஆனா நானே கொண்டு வாறேன்," என்றார்.

அப்படியே நடந்தது. நீதவான் சங்கிலியைப் படமெடுக்க வைத்து, வழக்கு முடியும் வரை சூசையம்மாவின் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்று உத்தரவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா சங்கிலியோடு ஊர்வலம் வந்தாள். சாவியைக் கேட்ட எட்வர்ட் அன்று குடை பிடித்து நடந்தார், அதுவும் சூசையம்மாவுக்கு.

நிலுக்ஷி இப்போதும் லீவில் வருகிறாள். அரை மூடித் தேங்காய் கேட்டு எந்த வீட்டுக்குப் போனாலும் உள்ளேயிருந்து குரல் வரும்: "கார்டக் காட்டு!" அதனால் அவள் தைப்பிக்கும் நைட்டிக்கெல்லாம் பை இருக்கிறது.