நியோகா படகின் பாய்லர்

பதினான்கு டாலர் இருபத்தைந்து சென்ட். டைட்டஸ் எனக்குத் தர வேண்டிய கடன் அவ்வளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பீரங்கிப் படகில் ஒன்றரை மாதம் நிலக்கரி அள்ளினால்தான் அந்தப் பணம் கைக்கு வரும். ஆற்று முகத்திலிருந்த முகாமில் என் மனைவி ரோடா சிப்பாய்களின் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கதவு வைத்த ஓர் அறை பிடித்துத் தருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பணத்தைத்தான் டைட்டஸ் கெஞ்சி வாங்கிப்போய் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினான். மிச்சத்தைப் பகடையில் விட்டான்.

திருப்பிக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டான். தகரத் தட்டில் கரண்டியால் தட்டுவான். வேகமாக இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று.

டக்டக்... டக்.

"இதுக்கு என்னடா அர்த்தம்?"

"வருது வருது... வரும்னு அர்த்தம், ஐசம்."

கூட இருக்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864 ஏப்ரலில், வட மாநிலப் படையோடு நாங்கள் ரெட் ஆற்றில் ரொம்ப மேலே போயிருந்தோம். அடிமை முறைக்காகச் சண்டை போட்ட தென் மாநிலக் கலகக்காரர்களின் குண்டு ஒன்று, இரும்புக் கவசம் மெலிந்த இடமாகப் பார்த்து உள்ளே வந்து நீராவிக் குழாயை உடைத்தது. பாய்லர் அறை ஒரே வெள்ளையாகிவிட்டது. நாங்கள் ஏணியில் ஒருவர்மேல் ஒருவர் ஏறித் தப்பினோம். டைட்டஸ் வரவில்லை. நீராவி அடங்கிய பிறகு போய்ப் பார்த்தால் ஆளும் இல்லை, பிணமும் இல்லை. ஆற்றில் குதித்திருப்பான் என்று அதிகாரிகள் எழுதி முடித்துவிட்டார்கள். குதிக்க அங்கே ஜன்னல் கிடையாது. குண்டு போட்ட ஓட்டை ஒரு பூசணிக்காய் அளவுதான்.

அதற்குள் ஆறு வற்றத் தொடங்கியது. கீழே போக வேண்டும், அதுவும் உடனே. தரை தட்டிவிட்டால் கலகக்காரர்கள் வந்து பிடிப்பார்கள். வெள்ளைக்காரர்கள் போர்க்கைதி ஆவார்கள். எங்களைப் போன்ற கறுப்பர்கள் கைதி கூட இல்லை, மறுபடியும் விற்கிற சரக்கு, அடிமைகள். நான் ஓடிவந்த பருத்திக் காட்டு முதலாளி அந்த ஆற்றங்கரையில்தான் இருந்தான்.

படகில் இரண்டு பாய்லர்கள். ஒன்று விரிசல் விட்டுக் கிடந்தது. மற்றதில் குழாயை மாற்றிவிட்டோம். அந்த ஆற்றுத் தண்ணீர் பாதி செம்மண், வாரம் ஒருமுறை உள்ளே படிந்த சேற்றைச் சுரண்டாவிட்டால் பாய்லர் வெடித்துவிடும். அதற்காகப் பக்கத்தில் ஓர் ஆள் ஊர்ந்து போகிற அளவுக்குத் துளை. சுரண்டி முடித்து வெளியே வந்து மூடியை முடுக்கியதும் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சுத்தியலால் பாய்லரை மூன்று தட்டு தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்போம். பதில் இல்லாவிட்டால்தான் தண்ணீர், பிறகுதான் நெருப்பு. எப்போதோ ஒரு படகில் உள்ளே ஆள் தூங்கிக்கொண்டிருந்தது தெரியாமல் பற்றவைத்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு வந்த வழக்கம். கேப்டனே கத்தினாலும் நாங்கள் அதை விட்டதில்லை.

அன்று காலை அவசரத்தில் இடது பக்கம் மட்டும் சுரண்டிவிட்டு மூடியை முடுக்கினோம். சிப்பியோ அண்ணன்தான் உலையில் கரி போட்டு எரிக்கிற எங்களில் மூத்த நெருப்புக்காரர். அவர் தட்டினார். காதை வைத்தார். முகம் மாறியது.

"ஐசம், நீ வந்து கேளு."

நான் காதை வைத்தேன். இரும்பு குளிர்ந்திருந்தது.

டக்டக்... டக்.

மூடியைத் திறந்தோம். விளக்கை நீட்டினோம். யாரும் இல்லை. மூடினோம், தட்டினோம். பதில் வந்தது. திறந்தோம். யாரும் இல்லை. இப்படியே மதியம் வரை. கைத்தோல் உரிந்துவிட்டது. எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உயிரோடு இருந்தபோது பணத்துக்கு இழுத்தடித்தான், இப்போது படகையும் இழுத்தடிக்கிறான்.

"உன் கடன்தான்டா அவனைக் கட்டி வச்சிருக்கு. தள்ளிவிட்டுடு, போயிடுவான்," என்றார் சிப்பியோ அண்ணன்.

"முடியாதுண்ணே. உசுரோட இருந்தப்போ ஏமாத்தினான், செத்தும் ஏமாத்தணுமா?"

"பதினாலு டாலருக்கு நம்ம ஆளுங்க பன்னெண்டு பேரு சாகணுமா?"

"பதினாலு டாலர் இருபத்தஞ்சு சென்ட்."

அவர் காறித் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

எஞ்சினியர் கிரேடி இறங்கி வந்தார். அயர்லாந்துக்காரர், கோபம் வந்தால் காது சிவக்கும்.

"இன்னும் ஏன்டா பத்தவைக்கல? ஆத்துத் தண்ணி மணிக்கு மணி இறங்குது!"

"உள்ள ஆள் இருக்கு சார்."

"யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"சரி, ஐசம், உள்ள போ. ஒரு மூலை விடாம தடவிப் பாரு. யாரும் இல்லேன்னு உன் வாயால சொல்லு."

மெழுகுவத்தியையும் சுரண்டியையும் எடுத்துக்கொண்டு நுழைந்தேன். உள்ளே நிமிர முடியாது. வயிற்றால்தான் போக வேண்டும். ஈரச்சேறும் துருவும் கலந்த வாடை. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. நடுவில் நீண்ட புகைக்குழாய் ஓடுவதால் அந்தப் பக்கம் தெரியாது. நான் இடது பக்கமாக ஊர்ந்தேன்.

மெழுகுவத்தி அணைந்தது.

காற்று அடிக்க அங்கே வழியில்லை.

நான் ஊர்வதை நிறுத்தினேன். அப்போது குழாய்க்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். சர்ர்... சர்ர்... இரும்பில் சேறு சுரண்டுகிற சத்தம். அவசரமில்லாமல், வேலைக்காரன் சுரண்டுகிற மாதிரி.

என் சுரண்டி என் கையில் சும்மா இருந்தது.

"டைட்டஸ்," என்றேன். "தண்ணி குறையுதுடா. பிடிச்சா எங்களை வித்துடுவானுங்க. வெளிய வா. காசைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

சுரண்டுவது நின்றது.

அப்புறம் நான் படுத்திருந்த இடத்தில், என் நெஞ்சுக்கு நேர் கீழே, தகட்டுக்கு அடியிலிருந்து தட்டியது.

டக்டக்... டக்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. முழங்கை இரண்டும் கிழிந்திருந்தன. சிப்பியோ அண்ணன் விளக்கை நீட்டி வலது பக்கம் பார்த்தார். யாருமே போகாத அந்தப் பக்கத்தில் சேறு சுத்தமாகச் சுரண்டப்பட்டு இரும்பு பளபளத்தது.

"என்னடா இருந்துச்சு?" கிரேடி கேட்டார்.

"வேலை நடந்திருக்கு சார்."

"பைத்தியக்காரப் பசங்க!"

அவரே மூடியை முடுக்கினார். தட்டவில்லை. தண்ணீரை ஏற்றினார், விறகு வைத்தார், நிலக்கரியை அள்ளிப்போட்டுப் பற்றவைத்தார். நாங்கள் சுவரோடு ஒட்டி நின்றோம். ஒருவன் ஜெபம் செய்தான்.

முதலில் ஒன்றும் இல்லை. கிரேடி எங்களைப் பார்த்து இளித்தார்.

தண்ணீர் சூடேறத் தொடங்கியது.

டக்டக்... டக்.

"இரும்பு சூடாகுது, அவ்வளவுதான்," என்றார் கிரேடி.

டக்டக். டக்டக். டக்டக்.

இடைவெளி இல்லை. இப்போது அது கரண்டித் தாளம் இல்லை. இரண்டு கைகளாலும் அடிக்கிற சத்தம். மேலே, பக்கத்தில், மூடிக்கு உள்பக்கத்தில். தகடு அதிர்ந்தது.

கிரேடியின் காதுச் சிவப்பு போய்விட்டது. "எவன்டா உள்ள?" என்றார். பிறகு கத்தினார். "எவன்டா உள்ள இருக்கான்?"

எரிகிற கரியைக் கொக்கியால் அவரே வெளியே இழுத்துத் தள்ளினார். தண்ணீரை வடித்தார். சூடு ஆறக்கூடக் காத்திருக்காமல் வெறுங்கையால் மூடியைத் திருகினார். உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டிக்கொண்டது. திறந்தார். தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

யாரும் இல்லை.

அவர் நிலக்கரிக் குவியலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அப்போதுதான் காலுக்கடியில் படகு மெல்ல முனகியது. அடிப்பகுதி மணலில் உட்கார்ந்துவிட்டது.

கேப்டனுக்கு வேறு வழியில்லை. எதிரியிடம் கொடுப்பதற்குப் பதில் தகர்த்துவிடுங்கள் என்றார். பீரங்கிகளுக்கு நடுவில் வெடிமருந்துப் பீப்பாய்களை அடுக்கி, திரியை வைத்துவிட்டுச் சின்னப் படகுகளில் இறங்கினோம். வளைவைத் தாண்டியதும் நியோகா வெடித்தது. இரண்டு வருடம் நாங்கள் கரி அள்ளிப்போட்ட இரும்பு வானத்துக்குப் போய்ச் சிதறி விழுந்தது. போகட்டும் என்று தோன்றியது. பாய்லரும் தொலைந்தது, அவனும் தொலைந்தான்.

மறுநாள் பீரங்கிகள் சரியாக உடைந்தனவா என்று பார்த்துவரச் சொல்லி என்னையும் சிப்பியோ அண்ணனையும் அனுப்பினார்கள். நல்ல வெயில். மணல் திட்டில் அந்தப் பாய்லர் கிடந்தது. நீளவாக்கில் பிளந்து, உள்ளே ஒரு மூலை கூட ஒளியாமல் தெரிந்தது. ஒரு பக்கம் வழியாக மறுபக்கத்து மரங்களைப் பார்க்கலாம்.

டக்டக்... டக்.

சிப்பியோ அண்ணன் தொப்பியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார்.

எனக்கு உடம்பெல்லாம் ஓய்ந்துவிட்டது. படகு போயிற்று, சம்பளம் எப்போது வருமோ தெரியாது, கலகக்காரர்கள் எந்த மரத்துக்குப் பின்னால் இருக்கிறார்களோ தெரியாது. நான் பாய்லருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"போதும்டா டைட்டஸ். பதினாலு டாலர் இருபத்தஞ்சு சென்ட். தள்ளிட்டேன். மனசாரச் சொல்றேன். நீ எனக்கு ஒண்ணும் தர வேண்டாம். போய்ப் படு."

சத்தம் நின்றது.

தண்ணீர் மணலில் ஊறுகிற சத்தம் மட்டும். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. இதை முந்தின நாளே சொல்லியிருக்கலாமே என்று கூட நினைத்தேன். இருவரும் எங்கள் சின்னப் படகை நோக்கி நடந்தோம்.

முதுகுக்குப் பின்னால்,

டக்டக்... டக்.

"அண்ணே! நான்தான் தள்ளிட்டேனே!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை எட்டிப் போட்டார். "அவன் உன்னைக் கூப்பிடவே இல்லையோ என்னமோ, ஐசம். சும்மா வா."

அது தட்டிக்கொண்டே இருந்தது. யாருக்காக என்று எனக்குத் தெரியாது. நான் படகில் ஏறித் துடுப்பைப் பிடித்தேன். வாயால் விட்ட கடனைத் திரும்பக் கேட்க முடியாது. விட்டது விட்டதுதான்.