பின்சீட்டின் இடது பக்கம்

பாண்டீஸ்வரன் காரை மலையாண்டியின் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பள்ளத்தூரில் வெகுகாலமாகப் பூட்டிக்கிடக்கும் ஒரு பெரிய வீட்டின் பின்சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்ட பட்டறை அது. என்ஜினை அணைத்ததும் கூரைமேல் புறாக்கள் நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"பெயில் பண்ணிட்டாக மச்சான்," என்றார் பாண்டீஸ்வரன், கதவைச் சாத்தியபடி.

வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்ததால், பதிவைப் புதுப்பிக்க அன்று காலை காரைக்குடிக்குக் கொண்டுபோயிருந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும், "தளத்துல குறுக்கால போட்ட வெல்டிங் விட்டுக்கிட்டு நிக்குது. நான் கையெழுத்துப் போட மாட்டேன். முழுசாப் பிரிச்சு வேலை பாருங்க, இல்லன்னா காயலான் கடையில போட்டுருங்க," என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "இதை யார்கிட்ட வாங்குனீங்க?" என்று கேட்டார்.

"எங்க மச்சான்கிட்ட," என்று பாண்டீஸ்வரன் பெருமையோடு சொன்னார்.

இன்ஸ்பெக்டர் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

மலையாண்டி உண்மையில் மச்சான் முறை இல்லை. பாண்டீஸ்வரனின் மனைவி அழகிக்குக் கூடப்பிறந்த ஆண் துணை கிடையாது. மகள் தீபலட்சுமிக்குக் காது குத்திய அன்று, பிள்ளையை உட்காரவைக்கத் தாய்மாமன் மடி இல்லையே என்று அழகி கோயில் வாசலில் கண்கலங்கி நின்றாள். அதைக் கேள்விப்பட்டு, பட்டறையைச் சாத்திவிட்டுக் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு வந்தவர் மலையாண்டி. சம்மணமிட்டு உட்கார்ந்து, "எம் மடியில வைங்க பிள்ளைய," என்றார். அன்றிலிருந்து அழகிக்கு அவர் அண்ணன். அந்த வீட்டில் நல்ல நாளில் அவர் இலையில் பரிமாறிய பிறகுதான் மற்றவர்கள் இலையில் சோறு விழும். இந்த வெள்ளைக் காரையும் அவர்தான் பார்த்து வாங்கிக்கொடுத்தார்.

இப்போது தீபலட்சுமிக்குத் தலைப்பிரசவம். வருகிற வெள்ளிக்கிழமை, அவளைக் கட்டிக்கொடுத்த கல்லலில் வளைகாப்பு. அது முடிந்ததும் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். அப்பா ஓட்ட, பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து வருவேன் என்று மகள் போனில் சொல்லியிருந்தாள்.

"பிள்ளைய உக்காரவைக்கிற வண்டி மச்சான். தாங்குமா, தாங்காதான்னு நீதான் சொல்லணும். தாங்காதுன்னா போட்டுட்டுப் போறேன்."

"போடுறதாவது." மலையாண்டி காரின் கூரையைத் தட்டினார். "துரு தின்னுருக்கு, அம்புட்டுத்தான். ஒரு பட்டை வச்சுப் பத்தவச்சு, பட்டி பூசி, பெயிண்ட் அடிச்சா அந்த இன்ஸ்பெக்டருக்கே தெரியாது. காயலான் கடைப் பேச்சே வேணாம் மாப்ள. அங்க போனா துண்டு துண்டா அறுத்துப் போட்டுருவாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, மின்சாரம் போனது.

"எமர்ஜென்சி லைட்டு வீட்டுல கெடக்கு. எடுத்துட்டு வந்துர்றேன்," என்று மலையாண்டி மோட்டார்சைக்கிளை எடுத்தார். வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்தார். "நீ எதையும் பிரிச்சுக்கிட்டு இருக்காத, என்ன?"

பாண்டீஸ்வரன் தனியாக நின்றார்.

அவர் உரக்கடைக்காரர். சாமி கும்பிடாமல் கடை திறக்க மாட்டார். சாலையில் காத்து நிற்கிறவரைக் கண்டால் வண்டியை நிறுத்தாமல் போக மாட்டார். பள்ளத்தூர் பஸ்ஸைத் தவறவிட்ட எத்தனையோ பேர் இந்தப் பின்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். அவர்களில் யாரும் இடது ஓரத்தில் நிலைத்து உட்கார்ந்ததில்லை. "அங்குட்டு ஈரமா இருக்குண்ணே," என்று வலப்பக்கம் நகர்ந்துவிடுவார்கள். மழை ஒழுகுகிறது என்று நினைத்து மலையாண்டியிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒழுகல் அடைபட்டுவிட்டது என்று மலையாண்டியும் ஒவ்வொரு முறையும் சொல்லுவார்.

வேலைக்கு விடும் முன் தன் சாமான்களை எடுத்துவிடலாம் என்று பின்கதவைத் திறந்தார். பகலெல்லாம் வெயிலில் நின்ற கார். உள்ளிருந்து சூடான காற்றுதான் வரவேண்டும்.

குளிர்ந்த காற்று வந்தது.

அதில் வேப்பிலை வாசனை இருந்தது. அப்போதுதான் ஒடித்த கொழுந்தின் கசப்பு வாசனை. அதோடு அரைத்த சந்தனம்.

வெள்ளிக்கிழமைக்கு வாங்கிவைத்த சாமான் ஏதாவது வண்டியில் தங்கிவிட்டதோ என்று தேடினார். எதுவும் இல்லை. குடையும் காலிச் சாக்கும்தான் கிடந்தன. சீட்டுக்கு அடியில் பார்க்கலாம் என்று மெத்தையைத் தூக்கினார். கைப்பேசி வெளிச்சத்தில் தளம் தெரிந்தது.

இடமிருந்து வலமாக, ஒரு தழும்பு போல, வெல்டிங் கோடு ஓடியது. கோட்டுக்கு முன்பக்கம் பெயிண்ட் உரிந்த இடத்தில் வெள்ளைக்கு அடியில் வெறும் தகரம். கோட்டுக்குப் பின்பக்கம் உரிந்த இடத்தில் வெள்ளைக்கு அடியில் கருஞ்சிவப்பு.

இது ஒரு கார் இல்லை. இரண்டு கார்களை வெட்டி ஒட்டியது.

இடது மூலையில், தகர மடிப்புக்குள், பச்சையாக ஏதோ மினுங்கியது. நகத்தால் நெம்பி எடுத்தார். உடைந்த கண்ணாடி வளையல்.

இன்னொன்று.

இன்னொன்று.

ஒரு கை நிறைய வளையல் போட்டிருந்தால்தான் இவ்வளவு உடையும்.

மெத்தையைப் பழையபடி போட்டார். முன்னால் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். இத்தனை வருடம் இதில் மனைவி உட்கார்ந்தாள், மகள் பள்ளிக்கூடம் போனாள், வழியில் நின்ற பச்சைப்பிள்ளைக்காரிகளை எல்லாம் ஏற்றினோமே என்று எண்ணிப் பார்த்தார். மச்சானுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியாமல் இருக்க வேண்டும், முருகா, என்று வேண்டிக்கொண்டார். அந்த நேரத்திலும் அவர் கேட்டது அதைத்தான்.

பின்னால் ஸ்பிரிங் நெறித்தது.

கார் மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. வயிற்றுப்பிள்ளையோடு ஒருத்தி, சீட்டைப் பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து உட்காருவது போல.

அவர் கண்ணாடியைப் பார்த்தார்.

சீட்டில் யாரும் இல்லை. ஆனால் இடது பக்க மெத்தை அமுங்கியிருந்தது.

புறாக்களின் சத்தம் நின்றுவிட்டது. அவர் காதோரம், மிகவும் களைத்துப்போன குரல் ஒன்று கேட்டது.

"இன்னும் வீடு வரலையாப்பா?"

ஓடத்தான் தோன்றியது. கதவில் கையும் வைத்துவிட்டார். ஆனால் அந்தக் குரலில் இருந்த களைப்பு அவரை இறங்கவிடவில்லை. கல்லலிலிருந்து வரும் வழியில் தன் மகள் கேட்டால் எப்படிக் கேட்பாளோ அப்படி இருந்தது.

"வந்துரும்மா," என்றார். "இந்தா, வந்துரும்."

மெத்தை அமுங்கியபடியே இருந்தது.

மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. விளக்கைத் தூக்கிப் பிடித்த மலையாண்டி, பாண்டீஸ்வரனின் உள்ளங்கையில் இருந்த பச்சைத் துண்டுகளைப் பார்த்தார். பார்த்ததும் விளக்கை இறக்கிக்கொண்டார்.

"பிரிக்காதன்னு சொன்னேன்ல," என்றார் தாழ்ந்த குரலில்.

"யாரு வண்டி மச்சான் இது?"

"முன்பாதி ஒருத்தன்து. பின்பாதி ஒருத்தன்து. ஊருல நடக்காததா? பலமாத்தான் பத்தவச்சேன்."

"பின்பாதி யாருது?"

மலையாண்டி சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "திருப்பத்தூர் ரோட்டுல லாரிக்காரன் அடிச்சுட்டுப் போன வண்டி. முன்பக்கம் நொறுங்கிப்போச்சு. ஓட்டுன அப்பா அங்கனயே போயிட்டாரு. பின்னால மக. வளைகாப்பு முடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்காரு. அரியக்குடிக்காரக."

"உடனே போயிருச்சா அந்தப் பிள்ள?"

"இல்ல. கொஞ்ச நேரம் இருந்துச்சு. ஒரு வண்டியும் நிக்கல. வீடு வரலையா, வீடு வரலையான்னே கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது மலையாண்டிக்கே உறைத்தது.

"அது கேட்டது ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பாண்டீஸ்வரன்.

மலையாண்டி விளக்கை மறு கைக்கு மாற்றினார்.

"நீ அங்க இருந்திருக்க."

"போலீசு, கோர்ட்டுன்னு அலைய முடியுமா மாப்ள? வண்டிய மெதுவாக்கிப் பாத்தேன். பாத்துட்டு வந்துட்டேன். எனக்குப் பின்னால எவனாச்சும் நிப்பான்னு நெனச்சேன்."

"அப்புறம் அதே வண்டியப் போய் வாங்குன."

"பின்பக்கம் நல்லாருந்துச்சு," என்றார் மலையாண்டி.

பாண்டீஸ்வரனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த மனிதர் மடியில் காதில் ரத்தத்தோடு அழுத பிள்ளையின் முகம்தான் கண்முன் வந்தது. அழாதேடா என்று அன்று முதுகைத் தடவிக் கொடுத்த கைதான் இன்று விளக்கைப் பிடித்திருந்தது. அவருக்குத் தெரிந்த உலகத்தில் ஒரு சுவர் சத்தமில்லாமல் சரிந்தது.

"அந்தப் பிள்ளைய வீட்டுல விட்டுட்டு வர்றேன். அதுக்கப்புறம் வண்டி காயலான் கடைக்கு," என்றார். "நீயும் வா மச்சான். அன்னைக்கு நிப்பாட்டாம வந்துட்ட. இன்னைக்கு வந்து கதவயாச்சும் தொறந்து விடு. அது போதும்."

பின்பக்கம் ஸ்பிரிங் ஒருமுறை நெறித்தது. அந்தச் சத்தம் மலையாண்டிக்கும் கேட்டது. விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, சுவரோடு சுவராக நகர்ந்து, பட்டறைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

"என்னைய விட்டுரு மாப்ள."

பாண்டீஸ்வரன் தனியாகவே ஓட்டினார். விட்டுப்போன வெல்டிங் பிரிந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை மெதுவாக இறக்கி ஏற்றினார். கண்ணாடியைப் பார்க்கவில்லை. வேப்பிலை வாசனை கழுத்துக்குப் பின்னாலேயே வந்தது.

அரியக்குடியில் பெருமாள் கோயில் விளக்கு வெளிச்சம் தாண்டி, விசாரித்துப் போய், அந்த வீட்டின் முன் நிறுத்தினார். கதவில் துருப்பிடித்த பூட்டு. ஓடு சரிந்து, வாசலில் செடி முளைத்திருந்தது. குடத்தோடு போன பெண்ணொருத்தி நின்று, "அவுக யாரும் இல்லைங்க. பெரியவரும் மகளும் போன பெறகு அந்த ஆத்தாவும் ஊர விட்டே போயிருச்சு," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவர் இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்தார்.

"வீடு வந்துருச்சும்மா. எறங்கு."

மெத்தை எழும்பவில்லை. நெடுநேரம் அப்படியே நின்றார். பிறகு ஸ்பிரிங் லேசாகத் துடிக்கத் தொடங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு அழும்போது உடம்பு குலுங்குமே, அப்படி.

பூட்டிய வீட்டில் ஒரு பிள்ளையை எப்படி இறக்கிவிட்டுப் போவது? பாண்டீஸ்வரனுக்கு அதற்குமேல் யோசிக்கத் தெரியவில்லை.

"சரி, அழாத," என்றார். "எங்க வீட்டுக்கு வர்றியா?"

துடிப்பு நின்றது.

வீட்டு வாசலில் வந்து பின்கதவைத் திறந்தபோது கார் தானாக ஒரு விரற்கடை உயர்ந்தது. வாசற்படியில் நின்ற அழகி, "யாரை எறக்கிவிடுறீக?" என்று கேட்டாள்.

"யாருமில்ல," என்றார்.

மறுநாள் காயலான் கடையில் கார் வெட்டுப்பட்டது. கோட்டுக்கு நேராக, சொன்னபடி கேட்பதுபோல் இரண்டாகப் பிரிந்தது. மலையாண்டி அண்ணன் ஏன் வரவில்லை என்று அழகி ஓயாமல் கேட்டாள். இனி வரமாட்டார் என்று மட்டும் சொன்னார். மலையாண்டி யாரிடமோ கொடுத்தனுப்பிய தாய்மாமன் சீர்த்தட்டு வந்தது. அதை அவர் வாசலோடு திருப்பி அனுப்பியபோது, அழகி உள்ளே போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். காரணத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிந்து, பெற்றோரோடு வாடகைக் காரில் தீபலட்சுமி வந்து இறங்கினாள். கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல். மருமகன் அவளை விட்டுவிட்டு அதே காரில் திரும்பினார். பயணம் அலுப்பில்லாமல் முடிந்ததே என்று பாண்டீஸ்வரன் சாமி படத்துக்கு முன்னால் நின்று கைகூப்பினார்.

சாப்பிட உட்கார்ந்தபோது கூடத்தில் நான்கு இலைகள் கிடந்தன.

"மூணு பேருக்கு எதுக்கு நாலு எலை?" என்றார். "மலையாண்டிக்கா?"

"அவருதான் வரமாட்டாருன்னு சொல்லிட்டீகளே. அவருக்கு எதுக்குப் போடுறேன்?" அழகி குழம்பி இலைகளைப் பார்த்தாள். "நாலு பேருன்னு நெனச்சுத்தான் போட்டேன்."

"அம்மா இப்பவே பேரப்பிள்ளைக்கும் சேத்துப் போட்டுருச்சு," என்று தீபலட்சுமி சிரித்தாள். "இருக்கட்டும், எடுக்காதீக. எம் பக்கத்துலயே கெடக்கட்டும்."

போட்ட இலையை வெறுமையாக விடக் கூடாது என்று அழகி அதிலும் ஒரு கைப்பிடிச் சோறு வைத்தாள். பாண்டீஸ்வரன் மகளின் முகத்தைப் பார்த்தபடியே, என்ன தின்கிறோம் என்று தெரியாமல் தின்று முடித்தார். மூவரும் எழுந்து கொல்லைப்புறம் போய்க் கை கழுவினார்கள்.

இலை எடுக்க அவரே முதலில் திரும்பி வந்தார்.

மூன்று இலைகள் விரிந்தபடி கிடந்தன. மகளின் இலைக்குப் பக்கத்து இலை மட்டும் மடிக்கப்பட்டிருந்தது. துக்க வீட்டில் சாப்பிட்டவர் மடிப்பதுபோல் எதிர்ப்பக்கமாக அல்ல. வயிறு நிறைந்தவர், இந்த உறவு தொடரட்டும் என்று மடிப்பதுபோல், தன் பக்கமாக.