எச்சில் காற்று

கீரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையோரம் நடந்து அந்த ஓட்டு வீட்டுக்கு மேரி ஷாலினி வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். வாசலில் நின்றதுமே உள்ளே யாரோ தூங்குவது கேட்டது. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு, நிதானமான மூச்சு.

அந்த வீட்டில் தங்கம்மாளைத் தவிர யாரும் இல்லை. புருஷன் கோவிந்தசாமிக்குக் கருமாதி முடிந்துவிட்டது.

அவர் வைத்திருந்த மெஷினை வாங்கத்தான் ஷாலினி கடலூரிலிருந்து வந்திருந்தாள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகிறவர்களுக்கு, மூக்கில் மாஸ்க் மாட்டி, குழாய் வழியே காற்றை அழுத்தித் தள்ளும் பெட்டி. சிதம்பரத்தில் அவள் அப்பாவைப் பரிசோதித்த டாக்டர், இது இல்லாமல் படுத்தால் ஒருநாள் எழுந்திருக்கவே மாட்டார் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். புதுசு வாங்க வக்கில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று அவளுக்குப் பேர்தான் பெரிசு.

கட்டிலில் ஆள் இல்லை. தலையணைக்கு மாஸ்க் மாட்டியிருந்தது. பட்டைகளை இழுத்துக் கட்டி, மனுஷத் தலைக்கு மாட்டுவதைப் போலவே. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்தவே இல்லம்மா" என்றார் தங்கம்மாள். "இந்தச் சத்தம் இல்லன்னா எனக்குத் தூக்கம் புடிக்கல."

"ஆளே இல்லாம ஓட்டுவீங்களா?"

"ஆளு இல்லன்னா காத்து பிச்சிக்கிட்டு சீறும். இது சீறுதா பாரு."

சீறவில்லை.

ஷாலினி கிட்டே போய்ப் பார்த்தாள். மாஸ்க்கின் ரப்பர் பழுத்து மஞ்சளாகியிருந்தது. விளிம்பில் வெற்றிலைச் சாறு காய்ந்த செம்மண் நிறத்துப் பொருக்கு. அதில் ரெண்டு நரைத்த மீசை மயிர். காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியின் அடியில், சளி போல ஏதோ படிந்து ஆடிக்கொண்டிருந்தது.

"மாஸ்க்கும் குழாயும் நீங்களே வச்சுக்கங்க. பொட்டி மட்டும் போதும்."

தங்கம்மாள் அவளையே பார்த்தார். "அப்ப அவுரு எதுல மூச்சு வுடுவாரு?"

துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஷாலினி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் அப்பா ஞானராஜ், கெமிக்கல் கம்பெனி கேட்டில் ராத்திரி வாட்ச்மேன். பகலில்தான் தூக்கம். கேட்டிலேயே ரெண்டு தடவை தூங்கி மாட்டிக்கொண்டார். இன்னொரு தடவை என்றால் வேலை காலி. டாக்டர் காற்றின் அழுத்தத்தைச் சரிசெய்து கொடுத்தார். புது மாஸ்க், புதுக் குழாய் வாங்கினாள். பெட்டியை டெட்டால் போட்டுத் தேய்த்தாள்.

முதல் ரெண்டு நாளும் அவர் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார்.

"நாய்க்கு வாய்க்கூடு கட்டுன மாதிரி இருக்கு பாப்பா."

"ஒன்னய யாரு ஒடனே தூங்கச் சொன்னது? மாட்டிக்கிட்டு டிவி பாரு, போதும்."

பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினாள். ஆரம்பத்தில் மெல்ல வீசிப் பிறகு கூடும்படி பெட்டியில் மாற்றிவைத்தாள். ஒரு மதியம் டிவி ஓட ஓட அவர் தூங்கிப்போனார். குறட்டை இல்லை, திணறல் இல்லை. வருஷக்கணக்கில் கேட்காத அமைதி. ஷாலினி சமையல்கட்டில் நின்று சத்தமில்லாமல் அழுதாள்.

அடுத்த வாரம் நாற்றம் ஆரம்பித்தது.

வெற்றிலை, புகையிலை, அதற்கடியில் பல் அழுகிய வாடை. ஞானராஜ் பாக்குக்கூடப் போடாத மனிதர். தொட்டியைத் திறந்து பார்த்தாள். இளஞ்சிவப்பாக, கட்டியாக ஒரு கோழை. விரல் பட்டதும் நூலாக நீண்டது.

"யம்மா, இதுல என்னாத்த ஊத்துன?"

அம்மா ரோசி கொஞ்சமும் அசரவில்லை. "தீர்த்தம். சர்ச்சு சாமியாரு மந்திரிச்சுக் குடுத்தது."

"டிஸ்டில்டு வாட்டர்தான ஊத்தச் சொன்னேன்? உப்புப் போட்டு மந்திரிச்ச தண்ணிய அப்பா மூக்குல ஏத்துறியே."

"செத்தவன் மூச்சு வுட்ட பொட்டிடி. சும்மா தண்ணிக்கு அடங்குமா? தீர்த்தம் ஊத்துனா ஓடிப்போவான்னு பாத்தேன்." ரோசியின் குரல் தணிந்தது. "ஓடல. குடிக்கிறான். ஒங்கப்பா டூட்டிக்குப் போனப்புறமும் தண்ணி கொறையுது."

ஷாலினி கோழையைச் சாக்கடையில் கொட்டினாள். தொட்டியைச் சுரண்டித் தேய்த்தாள். கடையில் வாங்கிய நல்ல தண்ணீரை ஊற்றினாள். மூடநம்பிக்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்ட திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ரோசி மாதா கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தாள். ஜன்னலைப் போர்வையால் மறைத்த அறையில் ஞானராஜ் தூங்கிக்கொண்டிருந்தார். ஷாலினி எட்டிப் பார்த்தாள்.

அப்பாவின் தாடை அசைந்தது.

மென்றுகொண்டிருந்தார்.

கண் மூடியிருந்தது. கன்னம் ஒரு பக்கம் உப்பி, அடங்கி, உப்பியது. கடைவாயில் சிவந்த எச்சில் வழிந்து மாஸ்க்குக்குள் தேங்கியது. அதில் அரைபட்ட இலைத்துணுக்கு மிதந்தது.

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். மாஸ்க்கைக் கழற்றித் தரையில் வீசினாள்.

தாடை நின்றது. மூச்சும் நின்றது.

முன்பும் நிற்கும், உடனே ஒரு திணறலோடு திரும்பிவிடும். இப்போது திரும்பவில்லை.

"அப்பா. எழுந்திரு. அப்பா."

உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள். உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. வாயோடு வாய் வைத்து ஊதினாள். நாக்கில் புகையிலைக் காரம் எரிந்தது. மார்பு ஏறவில்லை.

தரையில் கிடந்த மாஸ்க் மூச்சு விட்டது.

அப்பாவின் மார்பு ஏறியது.

மின்சாரம் இல்லை. பெட்டியின் விளக்கு அணைந்திருந்தது. குழாய் மட்டும் புழுவாக நெளிந்து, இன்னொரு தடவை ஊதியது. மார்பு ஏறி இறங்கியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அது காத்திருந்தது. எதற்கென்று அவளுக்குப் புரிந்தது.

ஷாலினி மண்டியிட்டு மாஸ்க்கைக் கையில் எடுத்தாள். வெதுவெதுப்பாக, கொழகொழவென்று இருந்தது. எச்சிலைத் துடைக்கக்கூட நேரமில்லை. தன் கையாலேயே அதை அப்பாவின் முகத்தில் வைத்து, பட்டையை இழுத்து மாட்டினாள்.

ஞானராஜ் நிம்மதியாக மூச்சு விட்டார். உதட்டில் நிறம் திரும்பியது.

பிளக் தரையிலேயே கிடந்தது.

கையை எடுக்கப் போனாள். வரவில்லை. மாஸ்க்கின் விளிம்புக்கும் அப்பாவின் கன்னத்துக்கும் நடுவே அவள் கட்டைவிரல் மாட்டியிருந்தது. ரப்பர் மெதுவாகச் சுருங்கி, விரலைக் கவ்வி, ருசி பார்ப்பதுபோல ஒருமுறை சப்பியது.