இருபத்துமூன்று வயது விதி

நிலவின் புதுத்தூத்துக்குடியில் கூடை முப்பதடி உயரத்தில் தொங்கும். அங்கே ஈர்ப்பு குறைவு. எறிந்த பந்து இறங்கி வருவதற்குள், காவல் நிற்பவள் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு வந்து தடுக்கலாம். ஒருத்தி குடித்தும் இருக்கிறாள். ஃபவுல் கொடுத்தார்கள், களத்தில் சிந்தியதற்காக.

மகளிர் அணிக்கு நான்கு மனிதர்கள், ஒரு இயந்திரம் என்பது ஏற்பாடு. பயிற்சியாளர் ஸ்டெல்லா புஷ்பத்துக்கு வாய்த்த இயந்திரம் மணிமொழி. இருநூறு ஆண்டுப் பெண்கள் கூடைப்பந்து முழுவதையும் அதன் ஆட்டமூளையில் ஏற்றியிருந்தார்கள். யார் எப்படி எறிந்தார்கள் என்பது முதல் எந்த வயதில் நிறுத்தினார்கள் என்பது வரை.

ஸ்டெல்லாவும் ஒரு காலத்தில் இறுதியாட்டம் வரை வந்தவர்தான். அப்போது வயது இருபத்துமூன்று. ஆட்டத்தன்று அவருக்குக் கல்யாணம். அவர் மாதா கோவிலில் மோதிரம் மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அணி இரண்டு புள்ளியில் தோற்றது. பிறகு முப்பது வருடம் பயிற்சியாளர். கோப்பையை மட்டும் தொட்டதில்லை.

இன்று மறுபடி இறுதியாட்டம். செவ்வாய் அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. நான்கு நிமிடம் மிச்சம். மணிமொழி நிதானமாக நடந்துவந்து, பெஞ்சில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றத் தொடங்கியது. ஸ்டெல்லா அவசரமாக டைம் அவுட் கேட்டார்.

"என்னட்டி பண்ணுத?"

"என்னைச் செஞ்சு இன்னையோட இருபத்துமூணு வருசம் முடியுது, கோச்சக்கா. கிளம்புறேன்."

"பேட்டரி சரியில்லையா?"

"எல்லாம் நல்லா இருக்கு. என் பதிவுல முக்காவாசிப் பேர் இந்த வயசுலதான் நிறுத்தியிருக்காங்க. காயமும் இல்ல, களைப்பும் இல்ல. நீங்களும் அப்படித்தான். அப்ப இது ஆட்டத்தோட விதிதானே?"

ஸ்டெல்லா அதன் கையை ஷூவிலிருந்து விலக்கினார்.

"விதியெல்லாம் இல்லட்டி. கல்யாணம்னு வீட்டுல சொன்னாவ, நிறுத்துனோம்."

"விதி இல்லையா?" மணிமொழி சற்று யோசித்தது. "ஆம்பளைங்க கல்யாணத்துக்கு மறுவாரமே ஆடுறாங்களே, விதி தெரியாம ஃபவுல் பண்றாங்கன்னு நேத்துதான் நடுவர் குழுவுக்குப் புகார் அனுப்பினேன்."

"அது கெடக்கட்டும். நீ போய் ஆடு."

ஸ்டெல்லா மண்டியிட்டு, ஷூ கயிற்றை இரட்டை முடிச்சாக இறுக்கிவிட்டார்.

மூன்று புள்ளியில் வென்றார்கள்.

நிலவுக் குடியிருப்பின் தலைவர் நல்ல மனிதர். கோப்பையை ஸ்டெல்லாவின் கையில் கொடுத்துவிட்டு, மணிமொழியின் உலோகத் தோளை வாஞ்சையோடு தட்டினார்.

"பிரமாதமா ஆடுறியேம்மா. அப்புறம், கல்யாணம் எப்போ?"

மணிமொழி பணிவாகக் குனிந்து, அவிழ்ப்பதற்கு ஷூ கயிற்றைத் தேடியது.

அதற்குள் ஸ்டெல்லா கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அந்த முடிச்சின்மேல் காலை ஊன்றி மிதித்து நின்றார்.