நீல வாளியில் நீர் இல்லை

மாலை 4.05. டீச்சரம்மா பீரோவைத் திறந்தார். நகைப்பெட்டி இருந்தது, அம்மா விட்டுப்போன சிவப்புக்கல் மாலை இல்லை.

4.10. ஏசி மெக்கானிக்கின் படத்தைப் போட்டு, "காலையில் இவள் என் அறையில் தனியாக இருந்தாள், மாலையைக் காணோம், யாரும் இவளை வீட்டுக்குள் விடாதீர்கள்" என்று குடியிருப்பு குரூப்புக்கு அனுப்பினார்.

அந்தக் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகளின் ஏசி அவள் பொறுப்பு. செய்தி தெரிந்து அவள் படியேறி வருவதற்குள் மூன்று வீடுகள் போன் செய்து வரவேண்டாம் என்றுவிட்டன.

4.40. டீச்சரம்மாவின் புகாருக்குப் போலீஸ் இன்ஸ்பெக்டரம்மா வந்திருந்தார். யாரும் கூப்பிடாமலே மெக்கானிக் உள்ளே வந்தாள். கருவிப் பையை இன்ஸ்பெக்டரம்மாவின் காலடியில் கவிழ்த்தாள்.

"ஒவ்வொண்ணா பாருங்க மேடம். என்னையும் சோதிச்சுக்கங்க. மாலை கிடைக்காம நான் இந்த வாசல் தாண்டப் போறதில்ல."

"பையில இருக்குமா? அது இந்நேரம் எங்க போச்சோ" என்றார் டீச்சரம்மாவின் தம்பி. நேற்றுத்தான் ஊரிலிருந்து வந்தவர். முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பத்து நிமிஷம் இவளைத் தனியா விட்டேன். போன் வந்துச்சு" என்றார் டீச்சரம்மா. "என் புத்தியைச் சொல்லணும்."

இன்ஸ்பெக்டரம்மா நோட்டைத் திறந்தார். "மாலையைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"காலையில ஒன்பது மணிக்கு."

"மெக்கானிக் எத்தனை மணிக்குப் போனாங்க?"

"பன்னிரண்டேகாலுக்கு. என் ரூம் ஏசி, தம்பி ரூம் ஏசி, ரெண்டும் சர்வீஸ். அப்புறம் நான் குளிக்கப் போனேன். ஒரு மணிக்கு வந்து படுத்தேன். ரெண்டரைக்கு எழுந்தேன்."

டீச்சரம்மாவின் மருமகள் கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் சொன்னாள்: "நான் ஹால்லதான் வேலை பார்த்தேன் மேடம். அத்தை குளிக்கும்போது ஒரு தடவை அவங்க ரூமுக்குப் போய் சார்ஜர் எடுத்தேன். அதையும் எழுதிக்கங்க, அப்புறம் சொல்லலன்னு ஆகக் கூடாது."

"நீங்க சார்?"

"ஒரு மணியிலிருந்து நாலு வரைக்கும் தூக்கம். ஏசியைப் பதினெட்டுல வச்சேன். குளிர் தாங்காம போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டேன்."

"அவர் ரூம் கதவு மூடித்தான் இருந்தது" என்றாள் மருமகள்.

மெக்கானிக் பால்கனிக்குப் போனாள். அங்கே இரண்டு வாளிகள். ஏசியிலிருந்து சொட்டும் நீரை டீச்சரம்மா வீணாக்கமாட்டார். இஸ்திரிப் பெட்டிக்குச் சேர்த்துவைப்பார். அவர் அறைக் குழாயின் கீழ் சிவப்பு, தம்பி அறைக் குழாயின் கீழ் நீலம்.

"டீச்சரம்மா, நான் போகும்போது இந்த ரெண்டையும் என்ன பண்ணேன்?"

"கொட்டிட்டுத் துடைச்சு வச்ச."

"அப்புறம் யாராவது எடுத்தீங்களா?"

"இல்லை. இன்னிக்கு இஸ்திரி போடல."

"வந்து பாருங்க."

சிவப்பு வாளியின் அடியில் நாலு விரல் உயரம் நீர். நீல வாளி துடைத்து வைத்தபடியே உலர்ந்து கிடந்தது.

இன்ஸ்பெக்டரம்மா குனிந்தார். "குழாய் அடைச்சிருக்கலாமே."

"நானும் அதைத்தான் முதல்ல பார்க்கணும்." அவள் ஒரு சொம்புத் தண்ணீரோடு தம்பியின் அறைக்குள் நுழைந்து ஏணியைப் போட்டாள்.

"அதைத் தொடாத. காலையில நீ செஞ்சதே போதும்" என்றார் தம்பி.

"தொடட்டும்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

மெக்கானிக் மெயின் ஸ்விட்சை அணைத்தாள். மேல்மூடியைத் தூக்கி, உள்ளே குளிர்க்கம்பிகள் மேல் தண்ணீரை மெல்ல ஊற்றினாள்.

"வருது" என்றாள் பால்கனியிலிருந்து மருமகள். "நீல வாளியில."

5.15. மெக்கானிக் ஏணியிலேயே நின்று பேசினாள்.

"இந்தப் புழுக்கத்துல அரை மணி நேரம் ஏசி ஓடினாலே சொட்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு டீச்சரம்மா வாளியில நாலு விரல். சார் மூணு மணி நேரம் பதினெட்டுல வச்சிருக்கார், ஒரு சொட்டு இல்ல. அவர் ஏசி போடவே இல்ல. சட்டையைப் பாருங்க, போர்வை போர்த்தின சட்டையா இது?"

"சரி, போடல. தப்பா?" என்றார் தம்பி.

"தப்பில்ல சார். ஏசியை நான் காலையிலதான் சுத்தம் பண்ணி வச்சேன். வேர்த்து ஊத்துது. ரிமோட் தலைமாட்டுல இருக்கு. போடாம ஒருத்தர் மூணு மணி நேரம் வெந்துக்கிட்டுக் கிடக்கணும்னா, போட முடியாத காரணம் ஒண்ணு இருக்கணும். ஏசி நின்னா காத்து வர்ற வாய் மூடிக்கும். போட்டா திறக்கும், உள்ள உருளை சுத்தும். அந்த வாய்க்குள்ள எதையாவது திணிச்சிருந்தா கடகடன்னு ஊரைக் கூட்டும். சர்வீஸ் முடிஞ்ச ஏசியை ஆறு மாசத்துக்கு யாரும் திறக்கமாட்டாங்கன்னு நினைச்சீங்க. ஊருக்குக் கிளம்புறன்னைக்கு எடுத்துக்கிட்டாப் போச்சு."

காற்றுவாயின் மூடியைக் கையால் மெல்ல இறக்கினாள். இரண்டு விரல் விட்டு இழுத்தாள். முடிச்சுப்போட்ட கைக்குட்டை வந்தது. உள்ளே சிவப்புக் கற்கள்.

தம்பி கட்டிலில் உட்கார்ந்தார். "அம்மா எனக்கும்தான் அம்மா, அக்கா. ஒரு தடவையாவது கேட்டியா, உனக்கு என்ன வேணும்னு?"

"கேட்டிருந்தா கழட்டிக் கொடுத்திருப்பேன்டா." டீச்சரம்மா மாலையைத் தொடவில்லை. "அதுக்கு இவ தலையிலயா பழியைப் போடுவ?"

"பழியை நான் போடலையே" என்றார் தம்பி.

டீச்சரம்மா மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கம்மா."

"அதை இங்க சொன்னா நாற்பத்தெட்டு வீட்டுக்குக் கேட்காது. எங்க போட்டீங்களோ அங்க போடுங்க."

டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டினார். மெக்கானிக் வாங்கிப் படித்தாள்.

"'மெக்கானிக் மேல் தவறில்லை.' எந்த மெக்கானிக்? அப்ப என் போட்டோ போட்டீங்களே, இப்பவும் போடுங்க. மாலையை யார் கண்டுபிடிச்சதுன்னும் எழுதுங்க."

டீச்சரம்மா அடித்துத் திருத்தி எழுதினார். 5.32க்குச் செய்தி போனது.

மெக்கானிக் மெயினைப் போட்டு, தம்பி அறை ஏசியைப் பதினெட்டில் ஓடவிட்டாள். கருவிகளைப் பொறுக்கிப் பைக்குள் அடுக்கினாள். போன் அடித்தது; எடுக்கவில்லை. பால்கனிக்குப் போய் நீல வாளியைக் கவிழ்த்துத் துடைத்துக் குழாயின் கீழ் வைத்தாள். முதல் சொட்டு விழுந்த பிறகுதான் போனை எடுத்தாள்.

"சொல்லுங்க. ஆமா, நான்தான். நாளைக்குக் காலையில வர்றேன்."